என் ஹை-ஹாட்டை மழுங்கடித்த வழக்கு

ஜூன் 9, திங்கள்

எனக்கு நடந்த அநியாயம் இது. இடது கண்ணில் புரை எடுத்துக் கட்டுப்போட்டு நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அன்று, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் கணினியை வீட்டிலிருந்து தூக்கிப் போய்விட்டார்கள். தூக்கியவன் கணினிக் கடை முத்துவிஜயன். தூக்கச் சொன்னவன் மஸ்கட்டில் இருக்கும் என் மகன் பிரின்ஸ். கதவைத் திறந்துவிட்டவள் என் மனைவி விக்டோரியா. மூன்று பெயரையும் எழுதி வைக்கிறேன்.

இன்று கட்டைப் பிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தால் மேசையில் கறுப்பாகப் புதுக் கணினி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பழைய ஸ்பீக்கரையும் சேர்த்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் கூரிய சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் திருகு ஒன்று இருக்கும். அதை முழுக்கத் திருகியே வைத்திருப்பேன். புது ஸ்பீக்கரில் திருகே இல்லை.

"பிரின்ஸு போன்ல உங்ககிட்ட கேட்டாம்லா? நீங்கதான சரிப்பா, சரிப்பான்னிய. நான் பக்கத்துலதான நின்னேன்" என்கிறாள் விக்டோரியா.

பொய். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவன் சொன்னான். அதற்குத்தான் சரி என்றேன்.

கணினி போனால் போகட்டும். அதற்குள் என் டிரம்ஸ் இருந்தது. தோல் கட்டிய டிரம்ஸ் இல்லை. நிஜ டிரம்ஸை யாரோ ஒருவர் ஸ்டுடியோவில் ஒவ்வொரு அடியாக அடித்துப் பதிந்து வைத்த சத்தங்கள். நான் கீபோர்டில் விரலால் தட்டினால் கிக், ஸ்னேர், ஹை-ஹாட் எல்லாம் வரும். பிளக்-இன் என்பார்கள். விசைப்படகில் எஞ்சின் பார்ப்பதை விட்டுக் கரையேறிய பிறகு, யாரும் சொல்லித் தராமல் நானே தட்டித் தட்டிப் படித்தது. எங்கள் சந்தியாகப்பர் கோயில் பாடகர் குழுவின் பாட்டு எல்லாவற்றுக்கும் இசை ட்ராக் செய்வது நான். எல்லாமே அந்த டிரம்ஸின் மேல் கட்டியது. புதுக் கணினியில் திறந்து பார்த்தேன். வயலின் வருகிறது, ஆர்கன் வருகிறது, டிரம்ஸ் இருக்கும் இடத்தில் மௌனம்.

ஜூலை 16 கோயில் திருவிழாக் கொடியேற்றம். அன்று மாலைப் பாட்டுகளுக்கு என் ட்ராக்தான் ஓடும். அதற்குள் டிரம்ஸ் இந்தக் கணினிக்கு வந்தாக வேண்டும். வரும்.

ஜூன் 10, செவ்வாய்

கறுப்புக் கண்ணாடியோடு முத்துவிஜயன் கடைக்குப் போனேன். என் கணினி கடை மூலையில் வயிறு திறந்து கிடந்தது. நல்லவேளை, ஹார்ட் டிஸ்க்கை இன்னும் விற்கவில்லை.

"அண்ணாச்சி, அது அரதப் பழசு. அதவிட நல்ல டிரம்ஸு நெட்டுல சும்மாவே ஆயிரம் கெடக்கு. நான் இறக்கித் தாரேன்."

"உங்க அம்மாவ விட நல்லா சமைக்கிறவ ஊர்ல ஆயிரம் பேர் இருக்கா. மாத்திக்கிடுதியா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். முத்துவிஜயனும் சிரித்துக்கொண்டே டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்தான். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

சத்தக் கோப்புகள் எல்லாம் புதுக் கணினிக்கு வந்துவிட்டன. பிளக்-இன் மட்டும் கண்ணில் படமாட்டேன் என்கிறது. இரண்டு நாள் படித்ததில் காரணம் புரிந்தது. என்னுடையது முப்பத்திரண்டு பிட் காலத்தது, புதுக் கணினி அறுபத்துநாலு. பெரிய படகு துறைக்குள் வர முடியாமல் வெளியே நிற்பது போல. நடுவில் வள்ளம் விட வேண்டும். அதற்கென்று பாலம் போடும் சின்ன மென்பொருள் ஒன்று இருக்கிறது. போட்டேன். பிளக்-இன் திறந்தது. திறந்த கையோடு, "இந்தக் கணினியில் ஓட அனுமதி எண் கொடு" என்று கேட்கிறது. எண் வாங்கும் இணையப் பக்கத்துக்குப் போனால், அந்தப் பக்கமே இல்லை. அந்தக் கம்பெனியை இன்னொரு கம்பெனி விழுங்கியிருக்கிறது.

கண்ணுக்குச் சொட்டு மருந்து நான்கு வேளை. சாளை மீன் வாங்கினோம், நல்ல கொழுப்பு.

ஜூன் 14, சனி

விழுங்கிய கம்பெனிக்கு மெயில் எழுதினேன். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க. நான் இன்னார், இன்ன வருடம் உங்கள் பொருளை வாங்கினேன், வாங்கியதற்கு ரசீது இது, கணினி மாறிவிட்டது, அனுமதி எண் தரவும்.

ஜூன் 19, வியாழன்

பதில் வந்தது. இந்தப் பொருளின் ஆயுள் முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறார்கள். புதியது வாங்கிக்கொள்ளலாமாம்.

உடனே பதில் போட்டேன். "பொருள் என் மேசையில் உயிரோடு இருக்கிறது. பூட்டு உங்கள் கையில் இருக்கிறது. ஆயுள் முடிந்தது என்று நீங்கள் சொல்ல முடியாது. எனக்கு எழுபத்தோரு வயது. என்னையும் அப்படிச் சொல்லிப் பார்த்தார்கள்."

தினமும் காலையில் ஒரு மெயில் போடுவதாக முடிவு.

ஜூன் 21, சனி

இந்த வருஷம் வீட்டில் கொசு இல்லை. மாநகராட்சிக்காரர்கள் ஒழுங்காக மருந்து அடித்திருக்கிறார்கள். விக்டோரியா மட்டும் காதுக்குள் ரீங்காரம் என்று தூங்காமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

ஜூன் 24, செவ்வாய்

வந்துவிட்டது! இங்கிரிட் என்று ஒரு அம்மா. பழைய கம்பெனியில் வேலை செய்தவர்களில் விழுங்கிய கம்பெனியில் மிஞ்சியிருப்பது தான் ஒருத்திதானாம். பழைய சாவி செய்யும் நிரலைத் தேடி எடுத்து எனக்கென்று ஒரு கோப்பு செய்து அனுப்பியிருக்கிறார். "தயவுசெய்து இனி தினமும் எழுத வேண்டாம்" என்று கடைசி வரி. நன்றி சொல்லி ஒரே ஒரு மெயில் எழுதினேன்.

ஜூன் 26, வியாழன்

கோப்பைப் போட்டதும் பூட்டுத் திறந்தது. சத்தங்கள் எந்த இடத்தில் இருக்கின்றன என்று கேட்டது, காட்டினேன். பழைய கொடியேற்றப் பாட்டைத் திறந்து ஓடவிட்டேன். கிக் நெஞ்சில் வந்து விழுந்தது. ஸ்னேர் வந்தது. எழுந்து நின்றேன்.

பிறகு உட்கார்ந்துவிட்டேன். ஹை-ஹாட் இல்லை. ஹை-ஹாட் என்பது காலால் மிதித்து மூடித் திறக்கும் இரண்டு பித்தளைத் தட்டு. ச்சிக் ச்சிக் என்று பாட்டுக்கு நேரம் காட்டுவது அதுதான். அது ஏதோ போர்வைக்கு அடியில் இருந்து தட்டுகிற மாதிரி இருக்கிறது. பெரிய ஒற்றைத் தட்டான சிம்பல் அதைவிட மோசம். அடித்த இடத்தில் ஒரு மொத்தல், அவ்வளவுதான். அதன் பின்னால் விரிய வேண்டிய பளபளப்பு காணோம்.

பாலத்தைக் கழற்றி மாட்டினேன். பழைய டிஸ்க்கிலிருந்து சத்தங்களை ஆதியிலிருந்து மறுபடி ஏற்றினேன். அப்படியேதான். ஹெட்போன் மாற்றினேன். அப்படியேதான்.

என் டிஸ்க்கில் கை வைத்தவன் ஒருவன்தான்.

ஜூன் 27, வெள்ளி

கடை வாசலில் வைத்துக் கேட்டேன். தெருவுக்கே கேட்கட்டும் என்றுதான் கேட்டேன். என் சிம்பலை என்ன செய்தாய் என்று.

"அண்ணாச்சி, ஃபைல காப்பி பண்ணுனா அப்படியேதான் வரும். பாதிச் சத்தம் மட்டும் எப்படிக் கொறையும்?"

"அத நீதான் சொல்லணும். திருட்டுப்பயல்களுக்குக் கடை எதுக்குல?"

அவன் முகம் மாறிவிட்டது. கடைக்கு வந்திருந்த பள்ளிக்கூடத்துப் பெண் பயந்துபோய்ப் போய்விட்டாள். "நீங்க பெரியவங்க, போங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

குற்றம் இல்லாதவன் ஏன் உள்ளே போகிறான்?

ஜூன் 28, சனி

ஆள் கெடுத்ததை நாம்தான் சரி செய்ய வேண்டும். ஹை-ஹாட்டை ஏற்றினேன். இன்னும் ஏற்றினேன். ஏற்றும் பிடி மேலே முட்டிய பிறகு, கூர்மையைக் கூட்டும் ஈக்வலைசர் இரண்டு, ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டேன். இப்போது சரி. ச்சிக் ச்சிக் என்று அழகாகப் பேசுகிறது.

வேலை முடிந்து திரும்பினால் விக்டோரியா பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்திருக்கிறாள்.

ஜூன் 29, ஞாயிறு

திருப்பலி முடிந்ததும் கோயிலில் ஒத்திகை. குழுவை நடத்துவது ஜெனோவா. பள்ளியில் பாட்டு டீச்சர், என் தங்கை மகள். கோயில் ஸ்பீக்கருக்குப் போகும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரை வழக்கமாக அவள்தான் பார்ப்பாள். இன்று ட்ராக்கில் எதுவும் கெடக் கூடாது என்று நானே மிக்ஸர் அருகில் நின்றுகொண்டேன். அவள் இரண்டு மூன்று தடவை, "மாமா, நீங்க உக்காருங்க, நான் பாக்கேன்" என்று வந்தாள். நகரவில்லை.

ட்ராக்கை ஓடவிட்டேன். முன்வரிசைப் பிள்ளைகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எமல்டா, அவள் பாடுவதைவிடப் பேசுவதே அதிகம், "கயத்தான் அண்ணன் பாட்டுல தகரக் கூரையில மழ பெய்யிதே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனோவா மட்டும் சிரிக்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டாள்.

இந்த ஊரில் இசை ரசனை இவ்வளவுதான்.

ஜூன் 30, திங்கள்

ஜெனோவா வீட்டுக்கு வந்தாள். காபியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"மாமா, கோயில் பங்குல எல்லாரும் சொல்லுதாங்க. இந்த வருஷம் டவுன்ல ஸ்டுடியோவுல குடுத்து ட்ராக் பண்ணிக்கிடலாம்னு."

"எல்லாரும்னா யாரு?"

"யாரோ. ஜூலை 13 கடைசி ஒத்திக. அதுக்குள்ள சரியா வந்துட்டுன்னா உங்க ட்ராக். இல்லன்னா..."

"இல்லன்னா?"

"இல்லன்னா நான் என்ன செய்ய மாமா?"

ஒரு வருஷம் ஸ்டுடியோவுக்குப் போனால் அடுத்த வருஷமும் ஸ்டுடியோதான். பிறகு கயத்தான் என்பவன் திருப்பலிக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போகும் கிழவன். அது நடக்காது.

ஜூலை 3, வியாழன்

ஆதாரம் தயார் செய்ய உட்கார்ந்தேன். சத்தத்தைப் படமாகக் காட்டும் கருவி ஒன்று மென்பொருளிலேயே இருக்கிறது. திரையின் இடது பக்கம் கனத்த சத்தம், வலது பக்கம் கூரிய சத்தம். என் பழைய பாட்டை, நான் எதையும் ஏற்றாத அசலை, ஓடவிட்டால் வலது பக்கம் வெறுமையாகக் கிடக்கும். படம் பிடித்து முத்துவிஜயன் முகத்துக்கு நேரே நீட்டலாம் என்று நினைத்தேன்.

ஓடவிட்டேன். வலது பக்கம் முழுக்கக் கோடுகள். ஹை-ஹாட் விழும் ஒவ்வொரு அடிக்கும் புல் முளைத்தது போல எழுந்து எழுந்து அமர்ந்தன. புதுக் கண்ணில் துல்லியமாகத் தெரிந்தது. காதில் ஒன்றும் இல்லை.

கருவி பொய் சொல்கிறது என்று நினைத்தேன். ஸ்பீக்கரைச் சோதிக்க ஒரே சீரான விசில் சத்தம் ஒன்றைப் போட்டு, அதை இடமிருந்து வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். பாதி தூரம் கேட்டது. அப்புறம் மெலிந்து, நின்றுவிட்டது. திரையில் கோடு மட்டும் வலது பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஸ்பீக்கர் ஓட்டை என்று எழுதப் போனேன்.

அடுக்களையிலிருந்து விக்டோரியா கத்தினாள். "என்னங்க, அந்தக் கருமத்த நிறுத்துங்க! பல்லு கூசுது."

"எத?"

"எதயா? காதுல ஊசிய விட்ட மாதிரி கத்துதே, அதத்தான்."

நிறுத்தினேன். "இப்பம்?"

"இப்பம் நின்னுட்டு."

ஒன்றும் சொல்லாமல் மறுபடி போட்டேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்பில் நின்றாள்.

"திரும்பப் போடுதியளே! வெளையாட்டா?"

நிறுத்தினேன். போட்டேன். நிறுத்தினேன். திரும்பிப் பார்க்காமலே ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னாள். கடைசியில் கரண்டியோடு அறை வாசலுக்கு வந்து என் முகத்தைப் பார்த்தாள். திட்டவில்லை. போய்விட்டாள்.

ஸ்பீக்கரில் குறை இல்லை.

ஜூலை 4, வெள்ளி

தண்ணீர் வந்தது. தொட்டி நிறைத்தேன்.

ஜூலை 5, சனி

ஜெனோவா சனிக்கிழமை வகுப்பு முடிந்து வரும் வழியில் நின்று பிடித்தேன்.

"ஒனக்கு எப்பத்துலருந்து தெரியும்?"

"எது மாமா?"

"தெரியாத மாதிரி கேக்காத. என் காதுதான்."

தோள் பையைக் கை மாற்றினாள். "ரெண்டு மூணு திருவிழாவா. ஒங்க ட்ராக்ல அந்தக் கூர் சத்தம் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக் கூடிட்டே வந்துச்சு. கோயில் மிக்ஸர்ல ஒங்க ட்ராக் வார லைன்ல ட்ரெபிளக் கீழ இறக்கிருவேன். யாருக்கும் தெரியாது. அன்னைக்கு நீங்களே அங்க வந்து நின்னுட்டிய."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா ட்ராக் பண்றதயே விட்டுருவியளோன்னு பயந்தேன்."

"விடுத மூஞ்சியா இது?"

"இல்ல. அடிக்கிற மூஞ்சி" என்று சொல்லிச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளிடம் சொன்னேன்: "எஞ்சின்ல ஆயில் கசியிறது தெரிஞ்சும் டிரைவர்கிட்ட சொல்லாம, கீழ துணியப் போட்டுத் தொடச்சிக்கிட்டே இருந்தா அது பாசமா? கரைக்கு வர முடியாம நடுக்கடல்ல நிக்கப் போறது அந்த டிரைவர்லா?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். "தப்புதான் மாமா."

முப்பது வருஷம் அந்த எஞ்சின் என் காதருகில் ஓடியது. சத்தத்தை வைத்தே எந்த வால்வு மக்கர் செய்கிறது என்று சொல்வேன். நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைத்தேன். அது என்னைத் தின்றுகொண்டிருந்திருக்கிறது. பழைய ஸ்பீக்கரில் முழுக்கத் திருகி வைத்த ட்ரெபிள்தான் இத்தனை நாள் அதை எனக்கு மறைத்திருக்கிறது.

பிரின்ஸ் போனில் கேட்டிருக்கலாம். சாத்தியம்தான்.

ஜூலை 8, செவ்வாய்

கேட்காததைப் பார்க்கலாம். பார்க்க முடியாததை விக்டோரியா கேட்கலாம். வேலையை இரண்டாகப் பிரித்தேன்.

நான் போட்டிருந்த ஈக்வலைசர் எல்லாவற்றையும் கழற்றினேன். அவளை இறால் சட்டியோடு அறைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"எனக்கு மியூசிக் என்னங்க தெரியும்?"

"தெரியாண்டாம். கண்ண மூடிக்கிட்டு, இது கோயில்ல பாடுதாங்கன்னு நெனச்சுக்கோ. உறுத்துனா சொல்லு. கேக்கலன்னா சொல்லு."

இறாலை உரித்துக்கொண்டே கேட்டாள். "கொறைங்க. இன்னும். ஐயோ, இன்னும். நில்லுங்க." நான் கைப்பிடியை விட்டேன். "இது தாமிரச் சல்லி குலுங்குத மாதிரி நல்லா இருக்கு. இத முன்னாலயே இப்படி வச்சிருக்கலாம்ல?"

எனக்கு அந்த இடத்தில் ஒன்றுமே கேட்கவில்லை. திரையில் கோடு எவ்வளவு உயரம் எழுகிறதோ அந்த உயரத்தில், கண்ணுக்கு ஒட்டித் தந்த வெள்ளைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டு வெட்டி ஒட்டினேன். இனி ஹை-ஹாட்டின் தலை அந்தப் பிளாஸ்திரியைத் தாண்டக் கூடாது.

ஜூலை 10, வியாழன்

மூன்று பாட்டு முடிந்தது. சண்டை இரண்டு. நான்காவது பாட்டில் சிம்பலே வேண்டாம் என்கிறாள். "மாதா பாட்டுக்கு எதுக்குங்க இந்த இரைச்சல்?" சரணத்துக்குள் நுழையும்போது ஒரு சிம்பல் விழாவிட்டால் கூட்டம் நுழையாது என்று விளக்கினேன். "ஒங்களுக்குக் கேக்கவே இல்ல, அப்புறம் ஒங்களுக்கு எதுக்கு?" என்றாள்.

ஐம்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறோம். இப்படி ஒரு கேள்வி அவள் கேட்டதே இல்லை. அவளே சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, போடுங்க, கேப்போம்" என்றாள். போட்டேன். மூன்றாவது தடவை, "ஆமா, அது வேணும்" என்றாள்.

ஜூலை 13, ஞாயிறு

ஒத்திகை. நான் மிக்ஸர் பக்கமே போகவில்லை. ஆனால் ஜெனோவாவிடம், எல்லோரும் கேட்கும்படி, ட்ரெபிள் திருகு நடுவில் நிற்க வேண்டும், யாரும் தொடக் கூடாது என்று சொன்னேன். அவள் என் கண்ணெதிரே அதை நடுவில் நிறுத்தினாள்.

நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பிள்ளைகளின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் பாட்டு. கை மேலே வரவில்லை. இரண்டாவது பாட்டில் ஒரு பொடியன் காலால் தாளம் போட ஆரம்பித்தான். ஹை-ஹாட்டோடு போட்டான். அவன் கால் இறங்கும் இடத்தில்தான் எனக்கு ஹை-ஹாட் கேட்டது என்று சொல்ல வேண்டும்.

மாதா பாட்டில் சரணத்துக்கு முன் மொத்தக் குழுவும் ஒரே மூச்சாக நுழைந்தது.

எமல்டா வந்து நின்றாள். "என்ன அண்ணன், இன்னைக்கு மழ இல்ல?"

"ஒன் வாய் மட்டும்தான் பெய்யிது" என்றேன்.

ஜெனோவா ஸ்டுடியோ பேச்சை எடுக்கவே இல்லை. ட்ராக் இருந்த பென்டிரைவைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அதுதான் தீர்ப்பு.

ஜூலை 15, செவ்வாய்

நாளை கொடியேற்றம். இனி ஆக வேண்டியதையும் செய்ய வேண்டிய ஆளையும் எழுதி வைக்கிறேன்.

ஹை-ஹாட், சிம்பல், தம்புரின் சலங்கை: விக்டோரியா. இவை மூன்றிலும் அவள் சொல்வதே முடிவு. ஸ்னேரில் தலையிடக் கூடாது. ஸ்னேர் எனக்குக் கேட்கிறது.

ட்ரெபிள் திருகு: ஜெனோவா. நாளை கூட்டத்தில் இறக்கியே ஆக வேண்டும் என்று பட்டால் இறக்கலாம். ஆனால் என்னைப் பார்த்துக்கொண்டு இறக்க வேண்டும். எனக்குத் தெரியாமல் என்னைக் காப்பாற்றுகிற வேலை இனி யாருக்கும் கிடையாது.

போன்: பிரின்ஸ். மெதுவாகப் பேச வேண்டும். முக்கியமானது என்றால் எழுதி அனுப்ப வேண்டும். நான் சரிப்பா என்று சொன்னால், எதற்குச் சரி என்று திருப்பிக் கேட்க வேண்டும். இதை அவனிடம் சொல்ல வேண்டியது நான்.

காது டாக்டர்: நான். திருவிழா முடிந்த மறு திங்கள். விக்டோரியா கூட வர வேண்டும், டாக்டர் சொல்வதைக் கேட்பதற்கு. கருவி மாட்டச் சொன்னால் மாட்டுவேன். ஆனால் அங்கே பீப் பீப் என்று போட்டு வைக்கும் சோதனையை மட்டும் நம்பி வாங்க மாட்டேன். என் டிரம்ஸைப் போட்டுக் காட்டி, ஹை-ஹாட் ஹை-ஹாட்டாகக் கேட்கிறதா என்று பார்த்த பிறகுதான் வாங்குவேன். அதற்குக் கணினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கணினியைக் கழற்றித் தூக்கி, அங்கே மாட்டித் தருவது: முத்துவிஜயன். இந்த ஊரில் அவனைத் தவிர வேறு ஆள் இல்லை.

அவன் வர வேண்டுமென்றால், கடை வாசலில் தெருவுக்கே கேட்கும்படி சொன்னதை, அதே வாசலில், அதே சத்தத்தில் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் நான். நாளைக் காலை, கொடி ஏறுவதற்கு முன்.